தோளில் பட்டை, கழுத்தில் பதக்கம், பெயர் செவாலியே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வேலூர் பதிப்பின் மூன்றாம் பக்கத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரின் படம் வந்திருந்தது. ஊதா வெல்வெட் அங்கி, வலது தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் சிவப்புப் பட்டை, கழுத்தில் ரிப்பன் கட்டித் தொங்கும் உள்ளங்கை அகலப் பதக்கம், கையில் பிரேம் போட்ட சான்றிதழ். 'பிரான்ஸ் நாட்டின் மிக உயரிய செவாலியே பிரபுப் பட்டம் பெற்றார்' என்று தலைப்பு. அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கோயில் திருப்பணி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டு புத்தகம் என்று எதற்கும் முன்னால் நிற்கிற மனிதர், அவரை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். என் வருத்தம் அவர் மேல் இல்லை, விசாரிக்காமல் தலைப்புப் போட்ட உங்கள் மேல்தான்.

நான் ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிரான்ஸ் வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதுவதும், அவர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவதும் என் வேலை, அதனால் அந்த நாட்டு மரியாதை முறைகளைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, பிறகு அதுவே ஆசையாகிப் புத்தகங்களில் போய் நின்றது. அந்தப் படத்தைப் பார்த்த உடனே போலி என்று சொல்லிவிட்டேன். சான்றிதழின் எழுத்தைப் படிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்தத் தோள்பட்டையே போதும்.

எப்படி என்றால், பிரான்ஸ் அரசு தரும் லெஜியன் ஆஃப் ஹானர் விருதில் ஐந்து நிலைகள் உண்டு. கீழேயிருந்து மேலே போனால் செவாலியே, ஒஃபிசியே, கொமாந்தர், அதற்கு மேல் கிராந்த் ஒஃபிசியே, உச்சியில் கிராந்த் குருவா. ஒவ்வொரு நிலைக்கும் பதக்கத்தை எங்கே அணிய வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. செவாலியே என்றால் இடது மார்பில் சாதாரணச் சிவப்பு ரிப்பனில் ஒரு சிறிய பதக்கம், அவ்வளவுதான். ஒஃபிசியே ஆனால் அதே ரிப்பனில் துணியாலான ஒரு சின்ன ரோஜாப்பூ சேரும். கழுத்தில் கட்டுவது கொமாந்தருக்கு. வலது தோளிலிருந்து சிவப்புப் பட்டை போடுவது உச்சியில் இருக்கும் கிராந்த் குருவாவுக்கு மட்டும். நம் ஊர்க்காரரோ கிராந்த் குருவாவின் பட்டையும் கொமாந்தரின் கழுத்து ரிப்பனும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, கீழ்ப்படியில் உள்ள செவாலியே என்ற பெயரோடு நிற்கிறார். வெல்வெட் அங்கிக்கு இதில் எந்த நிலையிலும் இடமே இல்லை. அது எந்தத் துணிக்கடையில் வாடகைக்கு எடுத்தது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். லெஜியன் ஆஃப் ஹானர் இல்லை, கலை இலக்கியத்துக்கான ஆர்டர் என்று யாராவது சமாளிக்கலாம். சரி, அதற்கு ரிப்பனே வேறு, பச்சையில் வெள்ளைக் கோடுகள். அந்த ஆர்டர் 1957இல் தொடங்கியது, அதில் மூன்றே நிலைகள், அங்கேயும் செவாலியேதான் முதல் படி.

'மிக உயரிய' என்று எழுதினீர்களே, அதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது. நம் ஊரில் செவாலியே என்றால் பிரான்சின் பாரத ரத்னா என்று ஒரு எண்ணம் வேரூன்றிவிட்டது. காரணம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும், 1995இல் நடிகர் திலகம் சிவாஜி கணேசனுக்கு அது கிடைத்தது, தமிழ்நாடே கொண்டாடியது, தியாகராய நகரில் ஒரு சாலைக்கே செவாலியே சிவாஜி கணேசன் சாலை என்று பெயர் வைத்தார்கள். 2016இல் கமல்ஹாசனுக்குக் கிடைத்தபோதும் அதே கொண்டாட்டம். தப்பில்லை, பெருமைப்பட வேண்டிய விருதுதான். ஆனால் வங்காளத்தில் சத்யஜித் ராய்க்கு லெஜியன் ஆஃப் ஹானரில் கொமாந்தர் நிலையையே கொடுத்தார்கள், அவரை யாரும் 'கமாண்டர் ராய்' என்று கூப்பிடவில்லை, சுவரொட்டி அடிக்கவில்லை. நமக்குப் பெயருக்கு முன்னால் ஏதாவது ஒன்று ஒட்டினால்தான் திருப்தி. அதிலும் பல பேர் 'செவாலியர்' என்று எழுதுகிறார்கள், கடைசியில் 'அர்' வந்ததும் நம் காதுக்கு அது மரியாதைப் பன்மை போலவே கேட்கிறது, அதனால் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

இப்போது 'பிரபுப் பட்டம்' என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதில் முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை, அதனால்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செவாலியே என்றால் குதிரைக்காரன். பழைய காலத்தில் குதிரையும் கவசமும் வைத்துக்கொண்டு போருக்குப் போகிறவன், நம் பக்கத்தில் ராவுத்தன் என்று சொன்னார்களே, அந்த அர்த்தம்தான். திருவண்ணாமலை அருணகிரிநாதர் மயில் மேல் வரும் முருகனையே இராவுத்தன் என்று பாடியிருக்கிறார், அந்தச் சொல்லுக்கு இருந்த கௌரவம் அப்படி. பிரான்சிலும் அதே கௌரவம் இருந்தது, ஆனால் ஆரம்பத்தில் அது பரம்பரையாக வருவது இல்லை. ராஜா மகனாகவே இருந்தாலும் பிறக்கும்போதே செவாலியே ஆகிவிட முடியாது, வயது வந்த பிறகு வாள் கொடுத்துச் சடங்கு செய்து ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. அந்தச் சடங்கு நடக்காத பிரபு வீட்டுப் பையனுக்கு எக்குயே என்று பெயர், கேடயம் தூக்கிக்கொண்டு செவாலியே பின்னால் போகிறவன் என்று அர்த்தம்.

காலம் போகப் போகச் சடங்கு மறைந்தது, பெயர் மட்டும் நின்றது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் பத்திரங்களில் பார்த்தால், சாதாரணப் பிரபு தன் பெயருக்குப் பின்னால் எக்குயே என்று போட்டுக்கொள்வான், கொஞ்சம் பழைய, பெரிய குடும்பம் என்றால் செவாலியே என்று போட்டுக்கொள்வான். டியூக், மார்க்கி, கோம்த், விகோம்த், பாரன் என்று நம் பாடப்புத்தகக் கதைகளில் வருகிற பட்டங்களெல்லாம் இதற்கு மேலே. அந்த மேல் பட்டங்கள் நிலத்தோடு கட்டியவை, இந்த ஊரும் இந்தக் காடும் இந்த ஆலையும் சேர்ந்து ஒரு கோம்த்துக்கு உரிய நிலம் என்று ராஜா முத்திரை போட்டுக் கொடுத்தால்தான் அதை வைத்திருக்கிறவன் கோம்த். செவாலியேவுக்கு அப்படி நிலம் எதுவும் வேண்டாம். அதனால் பெரிய வீடுகளில் இன்னொரு பழக்கம் வந்தது. மூத்தவன் அப்பாவின் பட்டத்துக்குப் போய்விடுவான், இரண்டாவது மூன்றாவது மகன்களுக்கு நிலமும் இல்லை, பட்டமும் இல்லை, அவர்களை ஊரார் மரியாதைக்குச் செவாலியே என்று கூப்பிட்டார்கள். பழைய வட ஆற்காட்டில் கங்குந்தி, புங்கனூர் ஜமீன்களெல்லாம் இருந்தது நம் தாத்தா காலத்து ஆட்களுக்குத் தெரியும், ஜமீன் வீட்டில் இளையவரைச் சின்னதுரை என்று சொல்வார்களே, அந்த இடம்தான் இது. சொத்தைக் கேட்க முடியாது, ஆனால் தெருவில் போனால் எழுந்து நிற்பார்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, அதுதான் இன்றைக்கு வரைக்கும் வந்திருக்கிறது. ராஜாக்கள் ஆர்டர் என்று சங்கம் போல ஒன்றை அமைத்து அதில் ஆட்களைச் சேர்த்தார்கள். 1469இல் பதினோராம் லூயி தொடங்கியது சேன் மிஷேல் ஆர்டர், 1578இல் மூன்றாம் ஹென்றி தொடங்கியது சேந்த் எஸ்பிரி ஆர்டர், 1693இல் பதினான்காம் லூயி படை அதிகாரிகளுக்காகத் தொடங்கியது சேன் லூயி ஆர்டர். இந்தக் கடைசி ஆர்டரில் சேரப் பிரபு குலத்தில் பிறந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, கத்தோலிக்கராக இருந்து படையில் நன்றாகச் சேவை செய்திருந்தால் போதும், சிலுவைப் பதக்கம் மார்பில் ஏறிய நாளிலிருந்து அவர் செவாலியே. ஷெவாலியே தெயோன் என்ற உளவாளியின் கதை பலர் கேள்விப்பட்டிருக்கலாம், பாதி வாழ்க்கையை ஆணாகவும் மீதியைப் பெண்ணாகவும் கழித்தவர், அவருக்கு 1763இல் கிடைத்தது சேன் லூயி சிலுவைதான். குவாதலூப் தீவில் அடிமைத் தாய்க்குப் பிறந்து பாரிசில் வயலினிலும் வாள் சண்டையிலும் பெயர் வாங்கிய ஷெவாலியே தெ சேன் ஜோர்ஜ் என்பவர் இன்னொருவர். தாய் அடிமை என்பதால் அப்பாவின் பிரபுத்தனம் அவருக்குச் சட்டப்படி வராது, ஆனாலும் ஊர் அவரைச் செவாலியே என்றே சொன்னது, அந்தப் பெயரே நின்றுவிட்டது. கத்தோலிக்கத் தலைமையான வாத்திகனும் 1831இல் புனித கிரகோரி பெயரில் ஒரு ஆர்டர் தொடங்கியது, நம் பக்கக் கத்தோலிக்கப் பெரியவர்கள் சிலர் பெயருக்கு முன்னால் செவாலியர் என்று பார்த்தால், அது பிரான்ஸ் அரசு கொடுத்ததா போப்பாண்டவர் கொடுத்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நம் மாவட்டத்து மண்ணில் இந்தப் பட்டக்காரர்கள் நடந்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர் என்றால் பிரியாணியும் ஷூவும்தான் இப்போது ஞாபகம் வருகிறது. 1749 ஆகஸ்ட் 3ஆம் தேதி அங்கேதான் ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கானைச் சந்தா சாகிப், முசாபர் ஜங் படைகளோடு சேர்ந்து பிரெஞ்சுப் படை தோற்கடித்தது, நவாப் களத்திலேயே செத்தார், அந்தப் போரில் இருந்த பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸி பின்னாளில் மார்க்கி ஆனார். அந்த ஆட்டத்தைப் புதுச்சேரியிலிருந்து ஆட்டுவித்த பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயையும் பிரான்ஸ் ராஜா மார்க்கி ஆக்கினார், அதற்கு முன்பே 1750 கடைசியில் முசாபர் ஜங் அவருக்கு மொகலாய உடை போட்டு ஏழாயிரம் குதிரைக்கு உரிய மன்சப் என்ற படைப் பட்டமும் வழுதாவூரை ஜாகீராக, அதாவது வருமானம் வரும் நிலமாகவும் கொடுத்திருந்தார். யோசித்துப் பாருங்கள், அங்கே குதிரைக்காரன் என்று ஒரு பட்டம், இங்கே எத்தனை குதிரை என்று எண்ணிக் கொடுக்கிற பட்டம், ஒரே ஆள் இரண்டு பக்கமும் கும்பிடு வாங்கியிருக்கிறார். ஆனால் பாண்டிச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தினமும் எழுதிய நாட்குறிப்பில் இந்தப் பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் வெறும் முசேதான், நம் மிஸ்டர் மாதிரி, மீறிப் போனால் துரை. ஐதராபாத்தில் மூசாராம்பாக் என்ற இடப்பெயர் கூட முசே ரேமோன் என்ற பிரெஞ்சுத் தளபதியின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். ஜனங்களுக்கு மார்க்கியும் கோம்த்தும் நாக்கில் நிற்கவில்லை.

வந்தவாசிக் கதை இன்னும் கசப்பு. நம் பள்ளிப் புத்தகத்தில் கவுண்ட்-டி-லாலி என்று படித்தோமே, அவர் கோம்த் தெ லாலி, பாரன் தெ தொல்லந்தால். அப்பா அயர்லாந்திலிருந்து ஓடி வந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர். 1760 ஜனவரி 22ஆம் தேதி வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் என்பவரிடம் லாலி தோற்றார், புஸ்ஸி கைதியானார், அடுத்த வருஷமே புதுச்சேரியும் போய்விட்டது. லாலியை பாரிசில் துரோகி என்று விசாரித்து 1766 மே 9ஆம் தேதி, வாயில் துணி அடைத்து, பொதுச் சதுக்கத்தில் தலையை வெட்டினார்கள். கோம்த் பட்டம் அவருக்குக் கடைசியாகச் செய்த உதவி ஒன்றே ஒன்றுதான், பிரபு என்பதால் தூக்குக் கயிறு இல்லை, வாள். பிறகு அவர் மகனும் வால்டேரும் வழக்கு நடத்தி 1778இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தார்கள். அந்த மகன் பின்னாளில் மார்க்கி. இன்றைக்கு வந்தவாசிக்குப் பாய் வாங்கப் போகிறவர்கள் இடிந்த கோட்டை மதிலைப் பார்க்கலாம், புதுச்சேரிக்குப் போகிறவர்கள் லாலி தொல்லந்தால் வீதி என்ற பலகையைப் பார்க்கலாம்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்துப் பட்டங்கள் வெறும் அலங்காரம் இல்லை, அவற்றுக்குப் பின்னால் பணம் இருந்தது. பிரபு என்றால் 'தாய்' (taille) என்ற பிரெஞ்சு வரி கிடையாது. அதனால் போலிப் பிரபுக்கள் அன்றைக்கே பெருகினார்கள். பதினான்காம் லூயியின் மந்திரி கொல்பேர் 1666இலிருந்து மாகாணம் மாகாணமாக ஆள் அனுப்பி, எக்குயே, செவாலியே என்று போட்டுக்கொள்கிற ஒவ்வொருவனையும் பத்திரம் காட்டு என்று கேட்டார், காட்ட முடியாதவனுக்கு அபராதம். இன்னொரு பக்கம் அரசே பட்டத்தை விற்றது. ராஜாவின் செயலர் என்று ஒரு பதவி, வேலை ஒன்றும் பெரிதாக இல்லை, பெரிய தொகை கொடுத்து வாங்கி வைத்திருந்தால் குடும்பம் பிரபு குடும்பம் ஆகிவிடும். அந்தப் பதவிக்கு மக்கள் வைத்த பெயர், பட்டிக்காட்டானைக் கழுவும் சோப்பு. பிரெஞ்சுக்காரனுக்கு நக்கல் நம்மைவிடக் கொஞ்சமும் குறைச்சல் இல்லை.

புரட்சி வந்தது, 1790 ஜூன் 19ஆம் தேதி எல்லாப் பட்டங்களும் ஒழிந்தன. அப்புறம் நெப்போலியன். 1802இல் லெஜியன் ஆஃப் ஹானரைத் தொடங்கினார், 1808இல் புதுப் பிரபுக்களை உண்டாக்கினார், அதில் அடிமட்டம் செவாலியே. லெஜியனில் இருந்து, வருஷத்துக்கு 3000 பிராங்க் வருமானமும் காட்டினால் பட்டயம் வாங்கிக்கொள்ளலாம், மூத்த மகனுக்கும் போகும். நெப்போலியன் போனதும் வந்த ராஜா 1814இல் இன்னும் இறுக்கினார், தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை தொடர்ந்து லெஜியனில் இருந்தால்தான் பரம்பரையாகப் பிரபுத்தனம் வரும் என்றார். 1848 குடியரசு மறுபடி ஒழித்தது, 1852இல் மூன்றாம் நெப்போலியன் மறுபடி கொண்டுவந்தார். அதற்குப் பிறகு வந்த குடியரசு ஒழிக்கவும் இல்லை, புதிதாகத் தரவும் இல்லை. பழைய குடும்பத்துப் பட்டம் இன்றைக்குப் பெயரின் ஒரு வால் மாதிரி, சட்ட அமைச்சகத்தில் ஆவணம் காட்டிப் பதிவு செய்துகொண்டால் அடையாள அட்டையில் போட்டுக்கொள்ளலாம், அதனால் சலுகை ஒரு பைசாவுக்குக் கிடையாது.

ஆகவே இன்றைய பிரான்ஸ் அரசு யாருக்கும் பிரபுப் பட்டம் கொடுக்காது, கொடுக்கவும் முடியாது. அது கொடுப்பது விருது. விருதின் முதல் நிலைக்குப் பழைய பட்டத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிரான்சில் லெஜியன் ஆஃப் ஹானர் வாங்கிய டாக்டரோ சமையல்காரரோ தன் பெயருக்கு முன்னால் செவாலியே என்று போட்டுக்கொள்வது இல்லை. எங்கள் கம்பெனிக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் உண்மையிலேயே பழைய பிரபுக் குடும்பம், மற்ற பிரெஞ்சுக்காரர்கள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். கடிதத்தில் கையெழுத்து வெறும் பெயர், விசிட்டிங் கார்டில் கம்பெனி, போன் நம்பர். அவர் ஊரில் வேண்டியவர்கள் கடித உறையில் முசே ல கோம்த் என்று எழுதுவார்களாம், வியாபாரத்தில் யாராவது அப்படி எழுதினால் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாராம். பெயரில் 'தெ' இருந்தால் பிரபு என்று எங்கள் ஆபீசில் ஒரு நம்பிக்கை இருந்தது, அதுவும் இல்லை. ஜனாதிபதியாக இருந்த ஜிஸ்கார் தெஸ்தேன் குடும்பத்துக்கு அந்த 'தெஸ்தேன்' வந்ததே 1920களில்தான், அரசிடம் மனுப்போட்டுச் சேர்த்துக்கொண்ட பெயர்.

நம் நாட்டுச் சட்டத்தையும் ஒரு வார்த்தை. அரசியல் சட்டத்தின் 18ஆவது பிரிவு, படைத்துறை, கல்வி சார்ந்தவை தவிர அரசு பட்டம் கொடுக்கக்கூடாது என்கிறது, இந்தியக் குடிமகன் வெளிநாட்டு அரசிடம் பட்டம் வாங்கக்கூடாது என்றும் சொல்கிறது. ராவ் பகதூர், திவான் பகதூர், கான் பகதூர் எல்லாம் போனது அப்படித்தான், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துப் பழைய கல்வெட்டுப் பலகைகளில் மட்டும் மிச்சம் இருக்கிறது. பத்ம விருதுகளே பட்டம்தானே என்று ஒரு வழக்கு நடந்து 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அவை விருது, பட்டம் இல்லை, ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. சிவாஜி செவாலியே ஆன அதே வருஷம். நம் பாரத ரத்னாவையே பெயரோடு ஒட்டக்கூடாது என்றால் பிரான்ஸ் விருதை மட்டும் எப்படி ஒட்டுவது? விருதாக இருக்கும் வரைக்கும் அதைப் பற்றிக் கேள்வி இல்லை, நீங்கள் 'பிரபுப் பட்டம்' என்று தலைப்புப் போடும்போதுதான் வம்பு வருகிறது. (ஆற்காடு என்ற பெயரில் ஒரு பட்டம் இன்னமும் அரசு ஒப்புதலோடு உயிரோடு இருக்கிறது என்பது வேறு கதை. 1867இல் விக்டோரியா ராணி கொடுத்தது, ஆற்காடு இளவரசர் இருப்பது ஆற்காட்டில் இல்லை, ராயப்பேட்டை அமீர் மகாலில்.)

இனி, இந்தப் போலி வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதற்கு வருகிறேன். என் மைத்துனருக்கே வந்தது. சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு டுட்டோரியல் நடத்துகிறார். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, ஏதோ ஒரு சர்வதேசப் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு ராஜ வம்சமும் சேர்ந்து தங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, கௌரவ டாக்டர் பட்டம் ஒரு தொகை, செவாலியே பட்டம் அதைவிடக் கூட, இரண்டும் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி. அங்கி, பட்டை, பதக்கம், சான்றிதழ், புகைப்படம், கூட வரும் இரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு எல்லாம் பேக்கேஜில் அடக்கம். கடைசி வரியில், உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வர ஏற்பாடு செய்து தரப்படும் என்று இருந்தது. ஆசிரியர் அவர்களே, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். அவர்கள் விற்கிற சரக்கில் உங்கள் மூன்றாம் பக்கமும் ஒரு ஐட்டம். செய்தி வந்த மறுநாளே கிரீன் சர்க்கிள் பக்கம் பிளெக்ஸ் ஏறிவிட்டது, அதில் உங்கள் செய்தியின் படத்தையே பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் அந்த வாட்ஸ்அப் நம்பருக்குப் போன் போட்டிருப்பார்கள். நெடுஞ்சாலையில் ஆம்பூரைத் தாண்டும்போது ஒவ்வொரு பிரியாணிக் கடையும் 'ஒரிஜினல்' என்று போர்டு மாட்டியிருக்கும், அங்கேயாவது சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம். இதில் ருசி பார்க்கிற வேலை பத்திரிகையுடையது.

பிரெஞ்சில் ஷெவாலியே தேந்துஸ்திரி என்று ஒரு வழக்கு இருக்கிறது. தந்திரமே பிழைப்பாக வைத்திருக்கிற மோசடிக்காரன் என்று அர்த்தம். பிரான்ஸ் செவாலியே யாராவது வேலூரில் இருக்கிறார்களா என்று கேட்டால், இந்த வாட்ஸ்அப் ஆசாமியைக் காட்டலாம்.

சரிபார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. உண்மையான விருதை யாரும் மனுப்போட்டு வாங்க முடியாது, தனக்கு வேண்டும் என்று தானே கேட்கவும் முடியாது, வேறு யாராவது முன்மொழிந்து, நம் நாட்டவருக்கு என்றால் பிரெஞ்சுத் தூதரகம் வழியாக வரும். புதுச்சேரியில் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறது, தமிழ்நாடும் அதன் எல்லைக்குள்தான், ஒரு போன் போட்டால் முடிந்தது. அப்படிச் செய்தியை அனுப்புகிறவரிடம் எந்த ஆர்டர், எந்த நிலை, யார் கையால் கொடுத்தார்கள் என்று கேட்டாலே பாதிப் பேர் மறுபடி கூப்பிட மாட்டார்கள். 'ராஜ வம்சம்' கொடுத்தது என்றால் உடனே குப்பைக் கூடை, பிரான்சில் 1870க்குப் பிறகு ராஜாவோ பேரரசனோ ஆட்சியில் இல்லை.

உண்மையாகவே விருது வாங்கியவர்களைப் பற்றி எழுதும்போதும் ஒரு வேண்டுகோள். 'பிரான்ஸ் அரசின் செவாலியே விருது பெற்ற இன்னார்' என்று ஒரு தடவை எழுதுங்கள், போதும். அடுத்த வரியிலிருந்து அவர் பெயர் போதும். 'உயரிய' என்று கட்டாயம் போட வேண்டுமென்றால் கிராந்த் குருவா கிடைத்தவருக்குப் போடுங்கள்.

அந்த மூன்றாம் பக்கச் செய்திக்குத் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். பத்தாம் பக்க மூலையில், தங்கம் விலைக்குக் கீழே, பொடி எழுத்தில் வேண்டாம். அதே மூன்றாம் பக்கத்தில், படம் வந்த அதே இடத்தில், அவர் பெயரைக் குறிப்பிடாமல் போடுங்கள். அவர் வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற நேரம். செவாலியே என்று அச்சாகிவிட்டால் அப்புறம் அதை அழிப்பது கஷ்டம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஏற்றுமதிப் பிரிவு ஊழியர்,
காட்பாடி, வேலூர்